ஒரு வாரத்தின் நாற்பது பாடவேளைகள்

அரசாங்கப் பாடசாலை ஒன்றில் ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை கற்கும் பிள்ளைக்கு, ஒரு நாளைக்கு எட்டு வீதம், வாரத்தில் பொதுவாக 40 பாடவேளைகள் உள்ளன. ஒரு பாடவேளை 40 நிமிடம். கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 26 மணியும் 40 நிமிடமும் ஆகும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இதற்கு மேலாக ரியூசன் வகுப்பு உண்டு. வீட்டில் சந்தேகம் கேட்பதற்குப் படித்த ராத்தாவோ மாமாவோ இருப்பர். நெசவாளி, கரைவலைத் தொழிலாளி, வயற்கூலி ஆகியோரின் பிள்ளைக்கோ அந்த 26 மணி 40 நிமிடமே முழுக் கல்வியும் ஆகும். எனவே அந்த நேரம் எவ்வாறு செலவாகின்றது என்பது கல்வி அதிகாரிகள் மட்டும் கவனிக்கவேண்டிய விடயமன்று. கிராம அபிவிருத்தி பற்றிப் பேசும் நாம் அனைவரும் கேட்கவேண்டிய கேள்வி அது.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நற்பிட்டிமுனை, நிந்தவூர் எனத் தொடரும் எமது கரையோர ஊர்களை மனத்திற்கொண்டு, இடைநிலை வகுப்பொன்றின் ஒரு வாரக் கற்றலை எவ்வாறு அமைக்கலாம் என்பதை இங்கு நோக்குவோம். ஆசிரியர்களுக்கு மட்டுமன்றிப் பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர்களுக்கும், மாதர் சங்கங்களுக்கும், இளைஞர் குழுக்களுக்கும் இது பயன்படும் என நம்புகின்றோம்.

நடுவில் நிற்கும் நான்கு ஆண்டுகள்

எமது நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஐந்து முதல் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்ற ஒழுங்குவிதி 1998 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அந்த வயது பதினாறாக உயர்த்தப்பட்டது. ஆகவே எட்டாம், ஒன்பதாம் தரங்களில் ஒரு பிள்ளை பாடசாலையை விட்டு விலகுவது இன்று சட்டத்துக்கும் மாறானது. ஆயினும் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருப்பதும் பிள்ளை கற்பதும் ஒன்றல்ல.

ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை முடிகின்றது. அதில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களில் பலர் பெரிய பாடசாலைகளுக்குப் போய்விடுகின்றனர். எஞ்சியோர் பத்து வயதிலேயே 'நமக்குப் படிப்பு வராது' என்ற முத்திரையுடன் ஆறாம் தரத்துக்கு வருகின்றனர். அதுவரை ஓர் ஆசிரியரிடம் பெரும்பாலும் கற்றவர்கள், இப்போது பாடத்துக்கு ஓர் ஆசிரியரைச் சந்திக்கின்றனர். பாடப் புத்தகம் கனக்கின்றது. மொழி கடினமாகின்றது. அதே வயதில்தான் வீட்டிலும் வேலைக்கு ஆளாகின்றனர். கடல் அமைதியாக உள்ள மாதங்களில் கரைவலை இழுக்கக் கூப்பிடுவர். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடைக்குக் கூப்பிடுவர். உம்மா மத்திய கிழக்கு நாடொன்றுக்கு வேலைக்குப் போயிருந்தால் மூத்த பெண்பிள்ளையே வீட்டுக்குத் தாயாகின்றாள். பெயர் இடாப்பில் வரவு இருக்கும். கொப்பியில் எழுத்து இராது.

இப்பிள்ளைகளைக் கற்றலுக்குள் மீண்டும் கொண்டுவர, 'செயற்பாடுகள் மூலம் கற்றல்' என்பதைப் பலரும் பரிந்துரைக்கின்றனர். அது சரியான வழியே. ஆனால் அவ்வழியில் ஒரு பள்ளமும் உண்டு. அதனை முதலில் விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

முன்னர் செய்து பார்த்தவை

கண்டிக்கு அண்மையில் ஹந்தெஸ்ஸ என்னும் இடத்தில் 1930களில் கிராமியக் கல்வித் திட்டமொன்று ஆரம்பமானது. விவசாயம், சுகாதாரம், கிராமக் கைத்தொழில் என்பவற்றோடு பாடங்களை இணைப்பதே அதன் நோக்கம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த அக்காலத்தில் அது பல கிராமப் பாடசாலைகளுக்கும் பரவியது. 1940களின் பின்னர் மங்கிப்போயிற்று.

இந்தியாவில் 1937 ஒக்டோபரில் வார்தாவில் நடந்த மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். அதற்கான பாடவிதானத்தைத் தயாரித்த குழுவின் தலைவர் கலாநிதி சாகிர் ஹுசைன். பிற்காலத்தில் இந்தியக் குடியரசுத் தலைவரான அதே கல்விமான்தான். நூல் நூற்றல் போன்ற ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, கணிதத்தையும் மொழியையும் சமூகக் கல்வியையும் அதனோடு பின்னவேண்டும் என்பதே அத்திட்டம்.

எமது நாட்டில் 1972இல், பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்தபோது, ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை தொழில்முன்னிலைப் பாடங்கள் கட்டாயமாக்கப்பட்டன. அந்தந்தப் பிரதேசத்தின் தொழில்களையே பாடமாக்கலாம் என்பது அதில் புதுமையாக இருந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. பின்னர் 1980களில் வாழ்க்கைத் தேர்ச்சி என்றும், 1997ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களின் பின்னர் செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்றும் அதே எண்ணம் வேறு பெயர்களில் திரும்பி வந்தது.

நல்ல எண்ணம் ஏன் திரும்பத் திரும்பத் தோற்றது? உபகரணம் இல்லை, பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை என்பன உண்மையான காரணங்களே. ஆனால் அடியில் இருந்த காரணம் பெற்றாரின் சந்தேகமாகும். 'பட்டணத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் விஞ்ஞானமும், எங்கள் பிள்ளைக்கு மண்வெட்டியும் தறியுமா?' என்று அவர்கள் கேட்டனர். கானா நாட்டின் கல்வியை ஆராய்ந்த பிலிப் பொஸ்டர் என்னும் அறிஞர் 1965இல் இதனையே எடுத்துக்காட்டினார். தொழிற்கல்வியை விட்டு ஏட்டுக்கல்வியைத் தேடும் பெற்றார் அறியாமையால் அவ்வாறு செய்யவில்லை. நல்ல சம்பளமுள்ள வேலை எந்தக் கல்வியால் கிடைக்கின்றது என்பதைச் சரியாகக் கணக்கிட்டே செய்கின்றனர் என்பது அவரது முடிவு.

இந்தச் சந்தேகத்தை நாம் அலட்சியம் செய்யலாகாது. வகுப்பறையில் செய்யப்படும் கைவேலை, கணக்காகவும் எழுத்தாகவும் மாறாவிட்டால், அது ஏழைப் பிள்ளையின் நேரத்தைத் திருடுவதாகவே முடியும். வசதியுள்ள பிள்ளை தவறவிட்ட பாடத்தை மாலையில் ரியூசனில் பிடித்துக்கொள்ளும். நெசவாளியின் பிள்ளைக்குத் தறி புதிதல்ல. அதை அது வீட்டிலேயே காண்கின்றது. அப்பிள்ளைக்கு வீட்டில் கிடைக்காதது, தறிக்குள் ஒளிந்திருக்கும் கணிதமும், தறியைப் பற்றி எழுதும் மொழியும்தான். அவற்றைக் கொடுப்பதற்கே பாடசாலை இருக்கின்றது.

எனவே நாம் முன்வைக்கும் விதி எளியது: செயற்பாடு எங்கே தொடங்கினாலும், பிள்ளையின் சொந்தக் கொப்பியில் முடியவேண்டும்.

ஒரு வாரம், ஒரு பொருள்

மருதமுனை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள ஏழாம் அல்லது எட்டாம் தர வகுப்பொன்றை எடுத்துக்கொள்வோம். வாரத்தின் 40 பாடவேளைகளில் 10ஐ மட்டும் இந்த வேலைக்கு ஒதுக்குவோம். தாய்மொழி, கணிதம், வரலாறு, சித்திரம், செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் ஆகிய பாடங்களின் நேரத்திலிருந்தே அவை வரவேண்டும். மற்றைய 30 பாடவேளைகளும் வழமைபோல நடக்கும்.

திங்கள்: கேள்வி (2 பாடவேளைகள்). ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பழைய துணித்துண்டைக் கொண்டுவரும். அதன் ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்துப் பார்ப்பர். நீளவாட்டில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை என்பதை இனங்காண்பர். அடிமட்டத்தை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை நூல்கள் உள்ளன என எண்ணுவர். ஒருவரின் எண்ணிக்கை மற்றவரின் எண்ணிக்கையோடு ஏன் பொருந்தவில்லை என்று பேசுவர். பின்னர் ஒவ்வொருவரும் நெசவாளரிடம் கேட்பதற்கு மூன்று கேள்விகளை எழுதுவர். ஆசிரியர் அவற்றைக் கரும்பலகையில் வகைப்படுத்துவார். கேள்வி இல்லாமல் வெளியே போகும் வகுப்பு சுற்றுலாவுக்குப் போகின்றது.

செவ்வாய்: பார்த்தல் (3 பாடவேளைகள்). ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட குழுக்களாகத் தறியடிக்குச் செல்வர். குழுவில் ஒருவர் அளப்பார், ஒருவர் வரைவார், ஒருவர் கேட்பார், மற்றவர்கள் குறிப்பெடுப்பர். மிதியை அழுத்தும்போது பாவு நூல்கள் எவ்வாறு மேலும் கீழுமாகப் பிரிகின்றன, அந்த இடைவெளியில் ஓடம் எவ்வாறு ஓடுகின்றது, அச்சு எவ்வாறு ஊடையை நெருக்குகின்றது என்பதைக் கண்ணால் கண்டு வரையவேண்டும்.

இங்கு மூன்று விடயங்களை முன்கூட்டியே ஒழுங்கு செய்வது நல்லது. முதலாவது, அன்று ஆசிரியர் நெசவாளரே. அவரது வேலை நேரம் போகின்றது, கூலி போகின்றது. அதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஈடுசெய்யவேண்டும். ஏழையின் நேரத்தை இலவசமாக எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்குத் தொழிலின் மகத்துவம் பற்றிப் போதிப்பது பொருந்தாது. இரண்டாவது, பெண்பிள்ளைகளை வெளியே அனுப்பப் பெற்றார் தயங்கினால், வற்புறுத்துவதைவிட நெசவு தெரிந்த பெண்களைப் பாடசாலைக்கு அழைப்பது மேல். பன்பாய் இழைக்கும் மூத்தம்மா ஒருவர் வகுப்பில் வந்து அமர்ந்தால், எண்களும் கோலங்களும் மாறி மாறி வரும் ஒழுங்கைப் பற்றி ஒரு முழுப் பாடம் கிடைக்கும். மூன்றாவது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பதை நெசவாளரிடமே முன்னர் விசாரித்துக்கொள்ளவேண்டும். கடன் விபரம் எல்லோர் முன்னிலையிலும் சொல்லக்கூடியதல்ல.

புதன்: கணக்கு (2 பாடவேளைகள்). செவ்வாயன்று அளந்த எண்களைக் கொண்டே கணக்கு நடக்கவேண்டும். உதாரணத்துக்கு, ஓர் அங்குலத்தில் 60 பாவு நூல்கள், துணியின் அகலம் 48 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 60 x 48 = 2880 நூல்கள். பாவின் நீளம் 20 யார் எனில், 2880 x 20 = 57,600 யார் நூல் தேவை. பருத்தி நூலில் ஒரு கழி என்பது 840 யார். 40ஆம் இலக்க நூல் என்றால் ஓர் இறாத்தலில் 40 கழிகள் உண்டு என்பது பொருள். 40 x 840 = 33,600 யார். ஆகவே 57,600ஐ 33,600ஆல் வகுத்தால், பாவுக்கு மட்டும் ஏறக்குறைய 1.7 இறாத்தல் நூல் வேண்டும்.

57,600 யார் எவ்வளவு தூரம்? கிலோமீற்றருக்கு மாற்றினால் ஏறக்குறைய 52.7 கிலோமீற்றர். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் தூரத்தைவிடவும் அதிகம்! அவ்வளவு நூலையும் ஒரு மனிதர் ஒரு தறியில் ஏற்றி நிறுத்துகின்றார் என்பதைப் பிள்ளை தானே கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும்போது, பெருக்கலும் வகுத்தலும் அலகுமாற்றமும் பரீட்சைக்காக மட்டும் வந்தவை அல்ல என்பது விளங்கும்.

மேல் வகுப்பாயின் இன்னும் ஒருபடி போகலாம். ஒரு சாரனின் விலையில் நூலுக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, வியாபாரிக்கு எவ்வளவு என்று கேட்டு, வீதமாக்கி, வட்ட வரைபில் காட்டலாம். இங்கே கணக்கு, நியாயம் பற்றிய கேள்வியாக மாறுகின்றது. விடையை ஆசிரியர் ஊட்டவேண்டியதில்லை. வரைபு தானே பேசும்.

வியாழன்: எழுத்து (2 பாடவேளைகள்). இந்த நாளைத்தான் நாம் வழக்கமாகத் தவறவிடுகின்றோம். 'நேற்று நீங்கள் கண்டதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுக' என்று கூறிவிட்டால், ஏற்கனவே எழுதத் தெரிந்த ஐந்து பேர் எழுதுவர். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து எழுதுவர்.

இதற்கு உதவக்கூடிய முறையொன்றை இத்தாலியில் காண்கின்றோம். புளோரன்ஸ் நகருக்கு அப்பால் மலைப்பகுதியில் பார்பியானா என்றொரு சிற்றூர். அங்கு 1954இல் அனுப்பப்பட்ட லொரென்சோ மிலானி என்னும் குரு, மலைநாட்டு விவசாயிகளின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியை நடத்தினார். 1962இல் இத்தாலியில் பதினான்கு வயது வரையான பொது இடைநிலைப் பள்ளி சட்டமாக்கப்பட்டது. ஆயினும் ஏழைப் பிள்ளைகள் அங்கே தோற்று வெளியேறிக்கொண்டிருந்தனர். அதைப் பற்றிப் பார்பியானா மாணவர் எண்மர் ஒன்றுசேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூல் 1967இல் வெளிவந்தது. யார் யார் தோற்கின்றனர், அவர்களது பெற்றார் என்ன தொழில் செய்கின்றனர் என்பதைப் புள்ளிவிபரங்களோடு அப்பிள்ளைகள் காட்டினர். அதே ஆண்டு யூன் மாதத்தில் மிலானி காலமானார். தமது காலத்தில் திருச்சபைக்குள்ளும் சந்தேகத்தோடு நோக்கப்பட்ட அவரது கல்லறைக்கு, 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் சென்று அஞ்சலி செலுத்தினார்.

அவர்கள் எழுதிய முறை இதுதான். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றும் எண்ணங்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதுவர். ஒரு துண்டில் ஓர் எண்ணம் மட்டும். எல்லாத் துண்டுகளையும் மேசையில் பரப்பி, ஒத்தவற்றைச் சேர்ப்பர். திரும்பத் திரும்ப வருபவற்றை நீக்குவர். எது முன்னே, எது பின்னே என்று விவாதிப்பர். பின்னர் வாக்கியம் வாக்கியமாகத் திருத்துவர். வேண்டாத சொல்லை வெட்டுவர்.

இதை எமது வகுப்பறையில் அப்படியே செய்யலாம். செலவு பழைய கடதாசி மட்டுமே. 35 பிள்ளைகள் ஆளுக்கு மூன்று துண்டுகள் எழுதினால் 105 துண்டுகள். எழுத்தில் மிகவும் பின்தங்கிய பிள்ளையாலும் ஒரு வாக்கியம் எழுத முடியும். வீட்டில் தறி உள்ள பிள்ளையின் வாக்கியமே சிலவேளை மிகவும் சரியானதாக அமையும்; மற்றவர்கள் அதை ஏற்றுக்கொள்ள நேரிடும். தறியை மறைக்க நினைத்த பிள்ளை, தறியைத் தெரிந்த பிள்ளையாக மாறுகின்றது.

வரலாறும் இங்கே சேர்ந்துகொள்ளும். 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தில் இறக்குமதித் துணிகள் வந்து குவிந்தபோது கைத்தறிக்கு நேர்ந்தது என்ன, 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தபோது தறிகளுக்கு நேர்ந்தது என்ன என்று மூத்தாப்பாமாரிடம் கேட்டு வந்த பிள்ளைகள், அவற்றையும் துண்டுகளாக எழுதுவர். புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும் ஆண்டு, தம் ஊரின் ஆண்டாக மாறும்.

வெள்ளி: தனியே (1 பாடவேளை). ஜும்ஆத் தொழுகைக்காகப் பாடசாலை நேரத்தோடு முடியும் நாள் இது. ஒரு பாடவேளை போதும். ஒவ்வொரு பிள்ளையும், யாருடைய உதவியுமின்றி, தன் கொப்பியில் ஒரு பக்கம் எழுதி மூன்று கணக்குகள் செய்யவேண்டும். எண்கள் மட்டும் புதியவை. அன்று மாலை அக்கொப்பி வீட்டுக்குப் போகவேண்டும். வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ பிள்ளை அதை வாசித்துக் காட்டவேண்டும். வாசிக்கத் தெரியாத பெற்றாரும் தமது தொழில் கொப்பியில் ஏறியிருப்பதைக் கேட்பர். 'இது படிப்பா, விளையாட்டா?' என்ற கேள்விக்கு அதுவே பதில்.

ஆசிரியர் அவ்வாரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல விரும்பினால், வகுப்பின் முதல் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கவேண்டாம். வாரந்தோறும் பின்வரிசையில் இருக்கும் பிள்ளையின் வெள்ளிக்கிழமைக் கொப்பியைப் பார்க்கட்டும். அதில் தானாக எழுதிய ஐந்து வாக்கியங்களும் சரியான ஒரு கணக்கும் இருந்தால் வாரம் வெற்றி. வெறுமையாக இருந்தால், சுவரில் எத்தனை அழகிய படங்கள் தொங்கினாலும், அடுத்த முறை திங்கள் முதல் திருத்தவேண்டும்.

எழக்கூடிய தடைகள்

'பாடவிதானத்தை முடிக்க முடியாது' என்பது முதலாவது தடை. ஒரு தவணைக்கு இத்தகைய ஒரு வாரம் போதும். ஆண்டுக்கு மூன்று வாரங்கள், 30 பாடவேளைகள். ஆண்டில் 40 வாரங்கள் பாடசாலை நடக்கும் என்று கொண்டால் 1600 பாடவேளைகளில் இது நூற்றுக்கு இரண்டு வீதம்கூட இல்லை. அந்த 30உம் பாடவிதானத்துக்குப் புறம்பானவையும் அல்ல. அளவை, வீதம், வரைபு, கட்டுரை, உரையாடல் எல்லாம் பாடவிதானத்தில் உள்ளவையே.

'ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியர், யார் இணைப்பது?' என்பது இரண்டாவது. கணித ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் உடன்பட்டால் தொடங்கிவிடலாம். அதிபரின் வேலை நேரசூசியில் சிறிய மாற்றம் செய்து கொடுப்பதாகும்.

'எங்கள் ஊரில் தறி இல்லையே' என்பது மூன்றாவது. தறி ஓர் உதாரணம் மட்டுமே. சாய்ந்தமருதில் கரைவலை உண்டு. பிடிபட்ட மீன் வலைச் சொந்தக்காரருக்கும் இழுத்தவர்களுக்கும் எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்று கேட்டால் பின்னமும் விகிதமும் கடற்கரை மணலிலேயே கிடைக்கும். நிந்தவூரில் வயல் உண்டு. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியதும் சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் வாய்க்கால்களில் வந்ததும் வரலாறும் புவியியலும் ஆகும். எந்த ஊரிலும் கிணறு உண்டு. மணற்பாங்கான எமது கரையில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு அது இருக்கலாம் என்பது விஞ்ஞானிகள் கண்ட விதி. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பிள்ளைகள் அளந்து, ஊர் வரைபடத்தில் குறித்தால், கணிதமும் சுகாதாரமும் ஒன்றாகும். ஊருக்கும் பயனுள்ள ஆவணமொன்று கிடைக்கும்.

நெசவாளியின் பிள்ளை நெசவாளியாகவே வேண்டும் என்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. அப்பிள்ளை வைத்தியராகலாம், கணக்காளராகலாம், விரும்பினால் தறியையே புதிய முறையில் நடத்தலாம். தெரிவு அப்பிள்ளையுடையது. தெரிவு செய்வதற்கு வேண்டிய எண்ணும் எழுத்தும் அதன் கைக்கு வரவேண்டும். அதற்கென வாரத்தில் 40 பாடவேளைகளே அப்பிள்ளைக்கு உள்ளன. அவற்றைக் காக்கும் பொறுப்பு எம்முடையது.

கலந்துரையாடலுக்கு

1. எமது ஊர்ப் பாடசாலையில் எட்டாம், ஒன்பதாம் தரங்களில் எந்த மாதங்களில் வரவு குறைகின்றது? அம்மாதங்களில் ஊரில் நடக்கும் வேலை என்ன?

2. அண்மையில் எமது பாடசாலையில் நடந்த கண்காட்சி அல்லது வெளிக்களப் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன்பின் ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியிலும் எழுதப்பட்டது என்ன?

3. எமது ஊரில் வகுப்புக்கு ஆசிரியராக வரக்கூடிய தொழிலாளர் மூவரைக் குறிப்பிடுக. அவர்களது ஒரு நாள் கூலியை யார் கொடுப்பது?

4. அடுத்த தவணையில் ஒரு வாரத்துக்கு ஒரு பொருளைத் தெரிவு செய்க. அதிலிருந்து மூன்று கணக்குகளையும் ஓர் எழுத்து வேலையையும் அமைத்து, பாடசாலை அதிபரிடம் கொண்டு செல்க.